நான்காம் அறையின் வெண்கலத் தட்டு

போன மாதம் என் அண்ணன் மகள் ஒரு வழவழப்பான புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோருக்கென்றே கட்டியிருக்கும் வீடுகளாம். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான், அமுக்கினால் நர்ஸ் ஓடிவருவாளாம். நடக்கிறவர்களுக்கு ஒரு திட்டம், துணை வேண்டுகிறவர்களுக்கு ஒரு திட்டம், படுத்துவிட்டவர்களுக்கு ஒரு திட்டம். ஓட்டலில் சாதா தோசையா மசால் தோசையா என்று சொல்கிற மாதிரி நமக்கு வேண்டியதை நாமே சொல்லிக்கொள்ளலாம்.

"அத்தை, ஏதாவது கேக்கணும்னா சொல்லுங்க, போன்ல கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

"சாப்பாட்டுத் தட்டு அவங்க குடுக்கறதா, நாம கொண்டுபோறதா, கேளு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். இத்தனை வசதியையும் விட்டுவிட்டுத் தட்டைப் போய்க் கேட்கிறேனாம். சிரிக்கட்டும். பதினொரு வருடம் ஒரு முதியோர் இல்லத்தை நடத்தியவள் நான். அங்கே நான் கற்றுக்கொண்டதெல்லாம் தட்டை வைத்துத்தான்.

எழுபதுகளின் கடைசியில் அந்த இல்லத்துக்கு நான் வேலைக்குப் போனேன். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே இருந்தது. ஆழ்குழாய்க் கிணறு துளைக்கிற ரிக் வண்டி வைத்துப் பிழைத்த நாலைந்து பேர் சேர்ந்து கட்டியது. போர் போட வடக்கே போனால் அவர்கள் திரும்பிவர ஏழெட்டு மாதமாகும். வீட்டில் பெற்றவர்கள் தனியாகக் கிடப்பார்கள். அந்தக் கவலையில் எழும்பிய கட்டடம் அது. ஆனால் அந்தக் காலத்தில் முதியோர் இல்லம் என்றாலே ஊர் மூக்கைச் சுளிக்கும். பெற்றவர்களைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான் என்று பேசும். எங்களிடம் வருகிறவர்கள் பஸ்ஸில் கண்டக்டரிடம் இல்லத்தின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். அடுத்த நிறுத்தமான ரைஸ் மில்லுக்குச் சீட்டு வாங்கி, இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருவார்கள். "ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று நான் கத்துவேன். மறுமுறையும் ரைஸ் மில்லில்தான் இறங்குவார்கள்.

நான் ஆத்தூர்க்காரி. அதற்கு முன் ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் வார்டனாக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அன்றும் பதில் சொன்னதில்லை, இன்றும் சொல்வதாக இல்லை. எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். அதோடு என் பேச்சில் அந்தப் பக்கத்து 'ங்க' கிடையாது. "வாங்க சாப்பிடுங்க" என்று அவர்கள் இழுத்துப் பேசுகிற இடத்தில் நான் "வந்து சாப்பிடு, நேரமாச்சு" என்பேன். எழுபது வயதுக்காரர்களைப் பார்த்து! முதல் மாதமே எனக்கு 'ஹாஸ்டல்காரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஹாஸ்டல்காரம்மா வாராங்க, எல்லாரும் பாடத்தப் படிங்க" என்று நான் வராந்தாவில் திரும்பும்போதே ஒரு குரல் வரும்.

இல்லத்தில் இரண்டு கட்டடங்கள். முன்கட்டில் அறைகள். கணவன் மனைவியாக இருப்பவர்களுக்கு முதல் எட்டு, தனியாக இருப்பவர்களுக்கு அடுத்த ஒன்பது. சொந்தக் காலில் நடந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வருகிறவர்கள்தான் அங்கே இருக்கலாம். அது முடியாமல் போனவர்கள் பின்கட்டுக்குப் போக வேண்டும். அங்கே நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பார்த்துக்கொள்ள ஆயாக்கள் உண்டு. கணவனானாலும் பெண்கள் பக்கத்துக்கு மாலை நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரைதான் போகலாம். முன்கட்டுக்காரர்கள் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'அந்தக் கட்டடம்' என்பார்கள்.

இது வீம்புக்குப் போட்ட விதி இல்லை. நான் சேர்ந்த இரண்டாம் வருடம், நடக்க முடியாததை மறைத்துக்கொண்டு ஒன்பதாம் அறையில் தனியாக இருந்த ஓர் அம்மாள் குளியலறையில் விழுந்துவிட்டார். காலைப் பலகாரத்துக்கு வரவில்லையே என்று நான் போய்ப் பார்த்தபோது ஈரத் தரையில் கிடந்தார். எத்தனை நேரமாகக் கிடந்தாரோ, உடம்பு சில்லிட்டிருந்தது, மூச்சு மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு அந்த விதியில் எனக்கு இரக்கமே இல்லாமல் போனது.

யார் சாப்பிட வந்தார், யார் வரவில்லை என்று நான் தெரிந்துகொள்வது தட்டை வைத்துத்தான். இல்லத்தில் சேருகிறவர்கள் சொந்தத் தட்டு கொண்டுவர வேண்டும். பெயர் வெட்டிய தட்டு. அந்தப் பக்கத்தில் பெயர் வெட்டாத பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது? சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரத் தாங்கி. அதில் ஒவ்வோர் அறைக்கும் இடம். போர் போடுகிற ராடில் ஒரு துண்டை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அதுதான் மணி. அதைத் தட்டினால் கணீரென்று ரோடுவரை கேட்கும். அவரவர் வந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட்டு, கழுவி, தாங்கியில் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். நனைந்திருந்தால் சாப்பிட்டாயிற்று. காய்ந்திருந்தால் நான் அந்த அறைக்கு ஓடுவேன்.

உள்ளே நின்று ஆட்களைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சாப்பிடுகிறவர்களை நின்று பார்ப்பதா? கண் பட்டுவிடும், உண்டது உடம்பில் ஒட்டாது என்று சொல்லி வளர்த்தவர்கள் எங்கள் வீட்டார். அந்தப் பக்கமும் அப்படித்தான். அதிலும் வயதானவர்கள். பல் இல்லாமல் குதப்புவார்கள், கை நடுங்கும், சோறு மார்பில் சிந்தும். அதை ஒருத்தி வாசலில் நின்று பார்த்தால் அவர்களுக்குச் சோறு இறங்குமா? அதனால் பந்தி நடக்கும்போது நான் என் அறைக்குப் போய்விடுவேன், எல்லாரும் கழுவிவிட்டுப் போன பிறகு வந்து தாங்கியைப் பார்ப்பேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

நான்காம் அறைக்கு வந்த கணவனும் மனைவியும் எடப்பாடிப் பக்கத்துக்காரர்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். ஒரே மகன் ரிக் வண்டியோடு ஆந்திராவுக்குப் போய், குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டான். அவனோடு போகலாம்தான். "பாசை தெரியாத ஊருல வாயில்லாத மாடாட்டம் நிக்கறதுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார். அவர் குள்ளமாக, பருமனாக இருப்பார், எதற்கெடுத்தாலும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். ஐயா நெட்டை, பேச்சு சுத்தமாகக் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

ஐயா கொண்டுவந்தது எவர்சில்வர் தட்டு. அம்மாள் கொண்டுவந்தது வெண்கலம். நல்ல கனம். விளிம்பில் புள்ளி புள்ளியாக அவர் பெயர் வெட்டியிருக்கும். வந்த முதல் வாரம் முழுக்க அவர் பந்தியிலிருந்து கடைசியாகத்தான் கழுவ வந்தார். கடைசியாக என்றால், கூடத்தைக் கூட்டிவிட்ட பிறகு. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, சோத்தை எண்ணி எண்ணியா சாப்பிடறே?"

"சோறு சூடா இருந்துச்சுங்க, அம்மிணி" என்று சிரித்தார்.

"சூடா இருந்தா? ஊதிச் சாப்பிட வேண்டியதுதானே?"

"அய்யோ, அதுக்கில்லீங்க. கல்யாணமாயி நாப்பத்தி மூணு வருசத்துல நான் எங்கீங்க சூடாத் தின்னேன்? மொதல்ல மாமனாரு, பொறகு அவரு, பொறகு பண்ணையத்தாளுங்க. அல்லாரும் எந்திரிச்ச பொறகு அவரு தின்ன வட்டல்லயே மிச்சத்தப் போட்டுத் தின்னுக்குவேன். இந்த வட்டல் எங்கப்பன் சீருல குடுத்ததுங்க. எம்பேரு வெட்டிக் குடுத்தாரு. அட்டாரி மேலயே கெடந்துச்சு. இங்க வந்துதான் இதுல சோத்தப் பாத்தேன்."

தட்டை அந்தப் பக்கத்தில் வட்டல் என்பார்கள். நாற்பத்து மூன்று வருடம் பரணில் கிடந்த வட்டல். அதைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே அவர் சொன்னார். ஐயா பக்கத்தில் நின்று தன் தட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அதன் பிறகு அந்த அம்மாள் எவ்வளவு நேரம் உட்கார்ந்து சாப்பிட்டாலும் நான் கேட்டதில்லை.

நல்ல நாட்கள் அவை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வராந்தாவும் அரிசிம்பருப்புச் சோற்றின் வாசனையும் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தகை, அந்தப் பக்கத்து இடியாப்பம். பிழிகிற கட்டையில் இரண்டு பேர் தொங்குவார்கள், நாலு பேர் யோசனை சொல்வார்கள். புது ரிக் வண்டி வடக்கே கிளம்பினால் எங்கள் வாசலில் நிறுத்தாமல் போகாது. எங்களைப் பார்த்து மூக்கைச் சுளித்த அதே ஊர்க்காரர்கள்தான். வண்டிக்கு ஆரத்தி எடுக்கச் சுமங்கலிப் பெண்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் வேறு எங்கே கிடைப்பார்கள்? நான்காம் அறை அம்மாள் முதல் ஆளாக நிற்பார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கும்போது, "எம்பையனக் கண்டா கேட்டன்னு சொல்லு சாமி" என்று எந்த ஊர்ப் பக்கம் போகிற டிரைவராக இருந்தாலும் சொல்லியனுப்புவார். அவனும் "சொல்றனுங்க" என்பான். யார் கண்டார், யார் சொன்னார்? ஆனாலும் அன்று முழுக்க அந்த அம்மாளின் முகம் மலர்ந்திருக்கும்.

மூன்றாம் வருடம் ஆடி மாதத்தில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் பார்த்தேன். கேட்டபோது, "வாயுப் பிடிப்புங்க, தைலம் தேச்சாப் போயிரும்" என்றார். பிறகு நாலாம் அறையின் இரண்டு தட்டுகளும் மூன்று வேளையும் நனைந்தே இருந்தன. நானும் அந்தப் பேச்சை மறந்துவிட்டேன்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்து தாங்கியைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். நான்காம் அறையின் வெண்கலத் தட்டு நனைந்திருந்தது. அடுத்த அறையின் தட்டுக்குப் போய்விட்டேன். இரண்டடி வைத்ததும் என்னமோ உறுத்தியது. திரும்பி வந்து தட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

அந்த அம்மாள் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மத்தியானம் பெருமாளுக்குத் தளிகை போட்ட பிறகுதான் வாயில் தண்ணீர்கூட விடுவார். முந்தைய இரண்டு வருடமும் அந்தக் காலைகளில் இந்தத் தட்டு காய்ந்து கிடந்ததையும், முதல் வருடம் நான் பதறிக்கொண்டு ஓடி அவர் என்னைப் பார்த்துக் குலுங்கிச் சிரித்ததையும் எப்படி மறப்பேன்? அப்படியானால் இதில் இட்லி தின்றது யார்?

நேராக நான்காம் அறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அம்மாள் கட்டிலில் சுவரில் ஒரு தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஐயா பின்னால் உட்கார்ந்து அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சீப்பு நின்றுவிட்டது. கட்டிலுக்கு அடியில் மூடி போட்ட ஒரு தூக்குப் போசி.

"சாப்பிட்டியாம்மா?"

"இன்னிக்குச் சனிக்கெழமைங்களே, அம்மிணி. மத்தியானந்தானுங்க" என்றார் அவர், யோசிக்காமல்.

"அப்ப உன் தட்டுல சாப்பிட்டது யாரு?"

எழுந்து நிற்கச் சொன்னேன். ஐயா அவர் தோளுக்கடியில் கை கொடுத்தார். பாதம் இரண்டும் வீங்கிப் பளபளவென்றிருந்தன. தரையில் ஊன்றியதும் முழங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆடிக் கடைசியிலிருந்து என்றார் ஐயா. ஏறக்குறைய ஒன்றரை மாதம்! என் மூக்குக்குக் கீழே ஒன்றரை மாதம்!

எனக்கு உச்சந்தலை கொதித்தது. என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. ஒன்பதாம் அறை அம்மாள் ஈரத் தரையில் கிடந்ததைச் சொன்னேன். அதே மாதிரி உன்னையும் நான் வந்து தூக்க வேண்டுமா என்று கேட்டேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, தமிழ் மாதத்தின் முதல் ஞாயிறு, இல்லத்துச் செயலாளர் வருவார், அவரிடம் சொல்லி மத்தியானமே பின்கட்டுக்கு மாற்றிவிடுகிறேன் என்றேன்.

மூன்று வருடத்தில் முதல்முறையாக ஐயா என்னிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினார்.

"ஏனுங்க அம்மிணி, அந்தக் கட்டடத்துக்கு மட்டும் வேண்டாமுங்க. ரண்டு பேரும் ஒட்டுக்கா இருக்கோணும்னுதான இங்க வந்தோம். நாலு மணிக்கு ஒருக்காப் போயி அவளப் பாத்துட்டு வாரதுக்கு நான் என்ன விருந்தாளிங்களா?"

அம்மாள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க பீங்கான் கிண்ணமும் கரண்டியும்தானுங்களே, சாமி. எம்பட வட்டல அங்க உடுவீங்களா?"

"தட்டா பெரிசு? உயிர் பெரிசில்லையா?" என்று கையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அப்படி உதறியிருக்க வேண்டாம். இன்றும் அந்த உதறல் என் கையில் இருக்கிறது.

மத்தியானம் பரிமாறுவதற்கு முன்னால் கூடத்துக்குள் போய் நின்றேன். "நாலாம் நம்பர் தட்டுல சாப்பிட்டது யாரு? எழுந்திரு!" விடுதிப் பெண்களைக் கேட்கிற மாதிரியே கேட்டேன். பிறகு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கையைத் தூக்கினார். கருப்புச் சட்டை தவிர வேறு போடாதவர், கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று கைகள் எழுந்தன.

"எங்க நாலு பேருக்குள்ள மொறைங்க. இன்னிக்கு எம்மொற. புரட்டாசியெல்லாம் எனக்கெங்கீங்க நெனப்பிருக்குது?" என்றார் வாத்தியார்.

அவர் தோழர்கள் அவரை முறைத்த முறைப்பைப் பார்க்க வேண்டுமே! அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

"ஏமாத்தணும்னா சும்மா தண்ணில முக்கி வெச்சிருக்கலாமே? எதுக்கு அதுல சாப்பிடணும்?"

"அதெப்பிடீங்க? சாப்பிடாத வட்டலக் கழுவி வெச்சா அது பொய்யாயிருங்களே. அதனால எங்க வட்டல்ல பாதி, அதுல பாதின்னு சாப்பிட்டுப்போட்டுக் கழுவி வெச்சோமுங்க. அவரு அவரோட பங்கப் போசில கொண்டுபோய் அந்தம்மாளுக்குக் குடுப்பாரு. பொறகு நாங்க அவருக்குப் பங்கு போடுவோம். வட்டல மட்டும் அவரு தொட மாட்டாருங்க."

பொய் சொல்லக் கூடாதாம். அதற்காக ஒன்றரை மாதம் நாலு கிழவர்கள் அரை வயிறும் அரை வயிறுமாக இரண்டு தட்டில் தின்றிருக்கிறார்கள். இப்படி ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? "இனிமே அந்தத் தட்டை யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மணி அடித்தாயிற்று. ஒவ்வொருவராக வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். ஐயாவும் வந்து தன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். தாங்கியில் மிஞ்சியது வெண்கலத் தட்டு ஒன்றுதான். நான் சொன்னேன் என்பதற்காக அத்தனை பேரும் அதைத் தொடாமல் போயிருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

செயலாளரின் கார் உள்ளே வந்தது. நல்ல மனிதர், அவரும் ரிக் வண்டிக்காரர். வந்ததும் முதலில் பின்கட்டைப் பார்ப்பார். பிறகு தாங்கிக்கு வருவார். அவரும் பந்தி நடக்கிற இடத்துக்குள் எட்டிப் பார்க்க மாட்டார். என்னிடம் தட்டைக் கேட்பார், அவ்வளவுதான். பத்து நிமிடம் இருந்தது. ஒன்றே ஒன்றை நான் அவரிடம் சொன்னால், அன்று பொழுது சாய்வதற்குள் அந்த அம்மாள் பின்கட்டில் இருப்பார். அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை.

வெண்கலத் தட்டை எடுத்தேன். உள்ளே போய்ப் பெண்கள் வரிசையில் அந்த அம்மாள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். சமையல்காரரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "போடு" என்றேன். சோறு விழுந்ததும் சூடு வெண்கலத்தில் பரவி உள்ளங்கைக்கு ஏறியது. விளிம்பில் புள்ளி புள்ளியான அந்தப் பெயர் கட்டைவிரலில் நெருடியது. கண்ணீர் சோற்றில் விழுந்திருக்கும். ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. சாப்பிடுகிறவளை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

கழுவிக் கவிழ்க்கவும் செயலாளர் வரவும் சரியாக இருந்தது.

"எல்லா வட்டலும் நனஞ்சிருக்குதுங்களா?"

"எல்லாம் நனஞ்சிருக்குங்க."

அவர் சிரித்தார். "அடேயப்பா, ஹாஸ்டல்காரம்மாவுக்கு எங்க பேச்சு வந்துருச்சே!"

செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அம்மாள் விழுந்து வைத்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். அந்தப் பயத்தில் அன்று மாலையே ஆயா ஒருத்தியின் படுக்கையை நான்காம் அறை வாசலுக்கு மாற்றினேன். கட்டில் காலில் ஒரு மாட்டு மணியைக் கட்டி, கயிற்றை அந்த அம்மாளின் கைக்கு எட்டுகிற மாதிரி விட்டேன். சிவப்புப் பொத்தானுக்கு அன்றைக்கு எங்கே போக? பகலில் பெண்கள் இரண்டு இரண்டு பேராக முறை வைத்துக்கொண்டு அறையில் போய் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்கள் மறைத்தது என்னிடமிருந்துதான். நானே சேர்ந்துகொண்ட பிறகு தூக்குப் போசிக்கு வேலை இல்லை. மூன்று வேளையும் வெண்கலத் தட்டே வாழையிலை மூடிக்கொண்டு நான்காம் அறைக்குப் போனது. அடுப்பிலிருந்து இறக்கியதும் முதல் கரண்டி அதற்குத்தான். கழுவி ஈரத்தோடு தாங்கிக்குத் திரும்பும். "மகாராணியாட்டம் ஆக்கிப்போட்டீங்க, அம்மிணி" என்று அந்த அம்மாள் படுக்கையிலேயே குலுங்குவார். நான் கை உதறியதைப் பற்றி ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. தை மாதம் ஒரு காலையில், ஐயா அந்த அம்மாளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, வாரிய தலை அவர் மார்பில் சாய்ந்துவிட்டது. நான்காம் அறையில்தான். அவர் கைக்குள்தான். மகன் ஆந்திராவிலிருந்து வந்தான். ஊருக்கு எடுத்துப்போய்க் காரியங்களைச் செய்தார்கள். பாத்திரத்தை யாரும் கேட்கவில்லை. நானும் அந்தத் தட்டைத் தாங்கியிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கக் கை வரவில்லை.

பதினாறு நாள் முடிந்து ஐயா திரும்பி வந்தார். மகன் எவ்வளவோ கூப்பிட்டானாம், மாட்டேன் என்றுவிட்டாராம். அன்று மாலை நேராக அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை. பலகாரம் முடிந்து எல்லாரும் கழுவிவிட்டுப் போனார்கள். நான் தாங்கியைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். நான்காம் அறை. ஐயாவின் எவர்சில்வர் தட்டு காய்ந்து கிடந்தது.

வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. வராந்தாவில் ஓடினேன். நான்காம் அறைக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. கிணற்றுப் பக்கம் ஓடினேன். யாரும் இல்லை. திரும்ப ஓடிவந்து, என் வழக்கத்தை விட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தேன்.

கூட்டி முடித்த கூடத்தில் ஐயா மட்டும் உட்கார்ந்திருந்தார். எதிரே வெண்கலத் தட்டு. அதில் உப்புமா.

என் மூச்சிரைப்பைக் கேட்டு நிமிர்ந்தார். "பயந்துட்டீங்களா, அம்மிணி? இனிமே எம்பட வட்டல் காஞ்சுதானுங்க கெடக்கும்."

நான் அவர் எதிரே போய் நின்றேன்.

"நாப்பத்தி மூணு வருசம் அவ எம்பட வட்டல்ல, நான் மிச்சம் வெச்சதத் தின்னா. ஆறிப்போனதத் தின்னா. ஒரு நாளு நான் கேக்கலீங்க." அவர் விரல்கள் உப்புமாவில் அப்படியே நின்றன. "சூடா இருக்குதுங்க, அம்மிணி" என்றார்.

அன்று அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பிடுகிற ஒரு மனிதரின் முகத்தை நான் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் முறை. கண் பட்டால் படட்டும். பிறகு அவர் கழுவிக் கொடுத்த தட்டை வாங்கி, நான்காம் அறையின் இடத்தில் கவிழ்த்து வைத்தேன்.